பத்துமலை வௌவாலுக்கு நாம் பட்ட கடன்

நமக்காக உழைக்கும் ஓர் உயிர் இருக்கிறது. அதற்கு நாம் சம்பளம் கொடுத்ததில்லை. நன்றி சொன்னதில்லை. அது உழைக்கிறது என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. இப்போது நாம் வாழும் முறையால் அதன் வாழ்க்கை கெட்டுக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் அந்த உயிரிடம் நமக்கு ஏதாவது கடமை உண்டா? அது இல்லாவிட்டால் நமக்கு நஷ்டம் என்பதால் மட்டும்தான் கடமையா? அப்படியென்றால், நஷ்டம் வராத ஒரு வழியைக் கண்டுபிடித்த அன்றே கடமையும் தீர்ந்துவிடுமா?

என்னடா இது, சுத்தி வளைச்சுக் கேக்குறானேன்னு நினைக்க வேண்டாம். காஜாங்கிலும் உலு லங்காட்டிலும் வாழும் நமக்கு இது பக்கத்து வீட்டுக் கேள்வி. தேனீ, வண்டு, வௌவால் என்று பூவுக்குப் பூ மகரந்தம் சுமக்கும் உயிர்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பருவநிலை மாற்றம் அவற்றை எப்படித் தாக்குகிறது, நம் பயிர்களுக்கு அதனால் என்ன ஆகிறது என்பதை முதலில் பார்ப்போம். பிறகு அந்தக் கேள்விக்கு வருவோம்.

பொங்கல் பானையில் என்ன மிஞ்சும்?

தேனீக்கள் அழிந்தால் நான்கே ஆண்டில் மனித இனமும் அழிந்துவிடும் என்று ஐன்ஸ்டைன் சொன்னதாக ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. அவர் அப்படிச் சொன்னதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. கருத்தும் சரியில்லை. நெல்லும் கோதுமையும் சோளமும் பூச்சியை நம்பி இல்லை. தன் மகரந்தமோ காற்றோ அவற்றுக்குப் போதும். அதனால் பூச்சிகள் போனால் எல்லாரும் செத்துவிடுவோம் என்று பயமுறுத்தத் தேவையில்லை. உண்மையே போதுமான அளவுக்குக் கனமாக இருக்கிறது.

தைப்பொங்கல் பானையை நினைத்துப் பாருங்கள். அரிசி இருக்கும். வெல்லம் இருக்கும், கரும்பு வெட்டுத்துண்டிலிருந்து வளர்வதுதானே. ஆனால் ஏலக்காய்க்குத் தேனீ வேண்டும். முந்திரிக்கும் பூச்சி வேண்டும். பக்கத்தில் வைக்கும் பூசணிக்காய்? அந்தக் கொடியில் ஆண்பூ தனி, பெண்பூ தனி. யாராவது மகரந்தத்தைத் தூக்கிக்கொண்டு போனால்தான் பிஞ்சு நிற்கும், இல்லாவிட்டால் அழுகி விழும். பாகல், புடலை, பீர்க்கு, வெள்ளரி எல்லாம் இதே கதை. ஆக, பசி அடங்கும். ஆனால் இலையில் சோறு மட்டும் இருக்கும், சுற்றி வைப்பதற்கு ஒன்றும் இருக்காது. விட்டமினும் சத்தும் பெரும்பாலும் அந்தச் 'சுற்றி வைக்கிற' பொருள்களில்தான் இருக்கிறது.

இதைக் கணக்காகவும் பார்த்திருக்கிறார்கள். மகரந்தச் சேர்க்கை பற்றிய முதல் உலகளாவிய மதிப்பீட்டை ஐ.நா. ஆதரவுடன் இயங்கும் அரசுகளுக்கிடையிலான பல்லுயிர் அமைப்பு 2016 பிப்ரவரியில் வெளியிட்டது. வெளியிட்ட இடம் நம் கோலாலம்பூர். உலகின் முக்கிய உணவுப் பயிர் வகைகளில் முக்கால் பங்கு, முழுதாகவோ ஓரளவுக்கோ, உயிரினங்களின் மகரந்தச் சேர்க்கையை நம்பியிருக்கிறது என்றும், மொத்த விளைச்சலின் அளவில் பார்த்தால் அது சுமார் 35 விழுக்காடு என்றும் அந்த அறிக்கை சொன்னது. வௌவால், பறவை போன்ற முதுகெலும்புள்ள மகரந்தச் சேர்ப்பிகளில் 16 விழுக்காடு அழியும் ஆபத்தில் இருப்பதாகவும் அதே அறிக்கை எச்சரித்தது.

இரவு வேலைக்குப் போகிறவர்கள்

நாம் எல்லாரும் பத்துமலைக்குப் போயிருக்கிறோம். 272 படி ஏறி, மூச்சு வாங்க மேலே நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறோம். அந்தச் சுண்ணாம்புக் குன்றின் குகைகளில் வௌவால்கள் வாழ்கின்றன. 1891 வாக்கில் தம்புசாமிப் பிள்ளை அங்கே முருகனுக்குக் கோயில் அமைப்பதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே அவை அங்கே குடியிருப்பவை. அவற்றில் ஒரு வகை, தேன் குடிக்கும் குகை வௌவால். இருட்டியதும் கூட்டமாகக் கிளம்பும், விடிவதற்குள் திரும்பிவிடும். நைட் ஷிப்ட் தொழிலாளி என்றே சொல்லலாம்.

இந்த வௌவால் எங்கே போகிறது? டுரியான் மரத்துக்கு. டுரியான் பூ மாலையில் விரிந்து, இரவில் தேன் சுரந்து, விடிவதற்குள் இதழை உதிர்த்துவிடும். பகலில் பறக்கும் தேனீக்கு அங்கே பெரிய வேலை இல்லை. தேன் குடிக்க முகத்தை உள்ளே நுழைக்கும் வௌவாலின் மயிரில் மகரந்தம் ஒட்டிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போகிறது. பெரும்பாலான டுரியான் மரங்கள் தன் மகரந்தத்தால் நன்றாகக் காய்ப்பதில்லை. வேறு மரத்தின் மகரந்தம் வேண்டும். செமினியிலும் உலு லங்காட்டிலும் சாலையோரக் கடையில் நாம் உடைத்துத் தின்கிற பழத்துக்குப் பின்னால் இப்படி ஒரு ராத்திரி வேலை இருக்கிறது. பெத்தாய் மரமும் இதே வௌவாலை நம்பித்தான் இருக்கிறது.

இதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. டுரியான் ஆண்டு முழுவதும் பூப்பதில்லை. மற்ற நாள்களில் வௌவால் எதைத் தின்னும்? 1970-களில் பத்துமலை வௌவால்களை ஆராய்ந்தவர்கள், அவை கடலோரச் சதுப்புநிலக் காட்டு மரங்களின் பூத்தேனுக்காக ஒரே இரவில் 38 கிலோமீட்டர் தொலைவு வரை போய்வருவதைக் கண்டார்கள். அதாவது சிலாங்கூர் கடற்கரையில் சதுப்புக்காட்டை வெட்டினால், மலையடிவாரத்தில் டுரியான் காய்ப்பது குறையலாம். இரண்டுக்கும் நடுவில் பட்டணம் முழுக்க இருக்கிறது. நமக்குத் தெரியாமல் அந்த இரண்டையும் இணைத்துக்கொண்டு ஒரு சின்ன உயிர் தினமும் தலைக்கு மேல் பறக்கிறது.

பருவம் தப்பும்போது

இனி பருவநிலைக்கு வருவோம். டுரியான் மரம் மொட்டு விடுவதற்குச் சில வாரம் மழையில்லாத காலம் வேண்டும். அந்த வறட்சிதான் மரத்துக்குச் சைகை. பூத்த பிறகு கனமழை கொட்டினால் பூவும் பிஞ்சும் உதிர்ந்துவிடும், அந்த இரவு வௌவாலும் சரியாக வேலை செய்ய முடியாது. ஆகவே டுரியான் என்பது வெயிலும் மழையும் வௌவாலும் ஒரே நேரத்தில் ஒத்துவர வேண்டிய விளைச்சல். இதில் எது தேதி மாறினாலும் பழம் இல்லை.

அந்தத் தேதிகள்தான் இப்போது மாறுகின்றன. காற்று ஒரு பாகை சூடானால் சுமார் 7 விழுக்காடு அதிக நீராவியைத் தாங்கும். பெய்யும்போது மொத்தமாகக் கொட்டும், காயும்போது கடுமையாகக் காயும். தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிட உலகச் சராசரி வெப்பம் 1.5 பாகைக்கு மேல் கூடிய முதல் ஆண்டாக 2024 பதிவாகியிருக்கிறது. கனமழை எப்படிக் கொட்டும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் உலு லங்காட்டிலும் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் என்ன நடந்தது என்று பார்த்தோம். ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் பெய்ததாக அதிகாரிகள் சொன்னார்கள். வெள்ளத்துக்கு வடிகால், காடழிப்பு என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இப்படிப்பட்ட மழை இனி அபூர்வம் இல்லை என்பதுதான் அறிவியல் சொல்லும் செய்தி.

தேனீயின் பாடும் இதேதான். கூட்டில் குஞ்சு வளரும் பகுதியை அவை 34, 35 பாகையிலேயே வைத்திருக்க வேண்டும். வெளியே வெப்பம் ஏறினால் வேலைக்காரத் தேனீக்கள் தண்ணீர் கொண்டுவந்து தெளித்து, சிறகால் விசிறி, கூட்டைக் குளிர வைக்கும். அந்த நேரத்தில் பூவுக்குப் போக ஆள் குறையும். நம்ம வீட்டுல கரண்ட் போச்சுன்னா புள்ளைக்கு விசிறிக்கிட்டே உக்காந்திருக்கிற அம்மா அன்னைக்கு வேலைக்குப் போக முடியுமா? அந்த மாதிரிதான். கடல் மட்டம் உயர்வதால் சதுப்புக்காட்டுக்கும் ஆபத்து. அந்தப் பக்கம் கடல் நெருங்குகிறது, இந்தப் பக்கம் கட்டடம் நெருங்குகிறது, நடுவில் மரத்துக்குப் பின்வாங்க இடமில்லை.

பாட்டி செய்த வேலை, வண்டு செய்யும் வேலை

டுரியான் ஒரு பருவப் பழம், அது குறைந்தால் என்ன என்று கேட்கலாம். நாட்டுக்கே சோறு போட்ட ஒரு பயிரைப் பார்ப்போம். செம்பனை.

மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம் இது. 1917-இல் சிலாங்கூர் தென்னமாரம் தோட்டத்தில் முதன்முதலாக வணிகப் பயிராக நடப்பட்டது. மரம் வந்தது, ஆனால் அதன் பூச்சி கூடவே வரவில்லை. காற்றே மகரந்தத்தைக் கொண்டுபோகும் என்று நீண்ட காலம் நம்பினார்கள். காய்ப்பு போதவில்லை. அதனால் 1960-களிலும் 70-களிலும் அந்த வேலையைத் தோட்டத் தொழிலாளர்கள் கையால் செய்தார்கள். ஆண் பூங்கொத்திலிருந்து மகரந்தத்தை எடுத்து, காயவைத்து, முகப்பவுடர் செய்யும் டால்க் மாவுடன் கலந்து, விரிந்திருக்கும் பெண் பூங்கொத்தைத் தேடித் தேடி ஊதிவிட வேண்டும். ஒரு பெண் பூங்கொத்து இரண்டு மூன்று நாள்தான் மகரந்தத்தை ஏற்கும். அதற்குள் போகாவிட்டால் குலை வீண். ஆகவே ஒவ்வொரு நிரையையும் திரும்பத் திரும்ப நடக்க வேண்டும்.

என் பாட்டி அந்த வேலை செய்தவர். "பூவுக்குப் பவுடர் போடப் போறோம்னு சொல்லுவோம்டா" என்று சிரிப்பார். முள் குத்திய தழும்பு இன்னும் அவர் முன்கையில் இருக்கிறது. நம்மில் பல பேர் வீட்டில் இப்படி ஒரு பாட்டி இருப்பார். கேட்டுப் பாருங்கள்.

1970-களின் கடைசியில் பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர் ரகுமான் சையத் கேமரூன் நாட்டுக்குப் போய் ஆராய்ந்தார். செம்பனைக்கு மகரந்தம் சேர்ப்பது காற்றில்லை, ஒரு சின்னக் கூன்வண்டு என்று காட்டினார். சோம்பு மாதிரி வாசம் வீசும் ஆண் பூவில்தான் அந்த வண்டு தின்கிறது, முட்டையிடுகிறது. பெண் பூவும் அதே வாசத்தை வீசுகிறது. வண்டு ஏமாந்து போய்ப் பார்க்கிறது. அங்கே அதற்குச் சாப்பாடும் இல்லை, முட்டையிட இடமும் இல்லை. மகரந்தத்தை உதிர்த்துவிட்டுத் திரும்புகிறது. அந்த ஏமாற்றத்தில்தான் நம் சமையல் எண்ணெய் விளைகிறது.

1981 பிப்ரவரியில் ஜொகூர் குளுவாங் பக்கம் அந்த வண்டுகளைத் திறந்துவிட்டார்கள். கொஞ்ச காலத்திலேயே தீபகற்பம் முழுக்கப் பரவிவிட்டன. காய்ப்பு கூடியது. கையால் ஊதும் வேலை நின்றது. பாட்டிமார்களின் இடத்தில் வண்டு வந்தது.

இப்போது அந்த வண்டுக்கும் சோதனை வந்திருக்கிறது. தொடர்ந்து கனமழை பெய்தால் அதன் நடமாட்டமும் எண்ணிக்கையும் குறைகின்றன. அதிகப் பெண் பூ விடும் மரங்களாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததால், அது முட்டையிடும் ஆண் பூக்களும் சில இடங்களில் குறைந்துவிட்டன. இன்னொரு பக்கம், வறட்சி வந்தால் மரம் பெண் பூவைக் குறைத்துக்கொள்ளும். 2015-16 எல் நினோ வறட்சிக்குப் பிறகு என்ன ஆனது? 2015-இல் சுமார் 2 கோடி டன்னாக இருந்த மலேசியப் பாமாயில் உற்பத்தி, 2016-இல் சுமார் 1 கோடியே 73 லட்சம் டன்னாக விழுந்தது. அந்த வீழ்ச்சிக்கு வண்டைக் குறை சொல்ல முடியாது, அது வறட்சியின் வேலை. ஆனால் மரம், வண்டு, மழை மூன்றும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை என்பதை அது காட்டியது. இந்த வண்டையும் மரத்தையும் ஆராயும் மலேசியச் செம்பனை வாரியம் நமக்குப் பக்கத்திலேயே, பண்டார் பாரு பாங்கியில்தான் இருக்கிறது.

மாற்று ஆள் கிடைத்தால் போதுமா?

நான் பொறியியல் படிக்கிறவன். எங்கள் வகுப்பில் ஒரு பழக்கம் உண்டு. எது பழுதானாலும் முதல் கேள்வி, இதற்கு மாற்று உதிரிபாகம் என்ன? தேனீ குறைகிறதா, ரோபோ தேனீ செய்வோம். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் செய்த பூச்சி அளவு ரோபோ 2013-லேயே கட்டுப்பாட்டுடன் பறந்துவிட்டது. சீனாவின் சிச்சுவான் மாநிலத்தில் பேரிக்காய் மரங்களில் ஏறி மனிதர்களே மகரந்தம் தடவுகிறார்கள். தாய்லாந்தில் டுரியான் பூவுக்கும் கையால் தடவுவது உண்டு. ஆக, பயிரைக் காப்பாற்ற வழி இருக்கிறது. செலவு ஆகும், அவ்வளவுதான்.

இங்கேதான் முதலில் கேட்ட கேள்வி திரும்பி வருகிறது. "தேனீயைக் காப்பாற்று, ஏனென்றால் அது பயன்படுகிறது" என்று நாம் எப்போதும் சொல்கிறோம். இந்த அறிக்கைகளும் அதற்குக் கோடிக்கணக்கான டாலர் விலை போட்டுத்தான் பேசுகின்றன. அரசாங்கங்களைக் கேட்க வைக்க அது தேவையாக இருக்கலாம். ஆனால் அந்த நியாயத்தை அதன் முடிவு வரை கொண்டுபோய்ப் பாருங்கள். பயன் இருக்கும்வரை வைத்துக்கொள், மலிவான மாற்று வந்தால் விட்டுவிடு. அந்த நியாயத்தின் முடிவு அதுதான்.

இந்த நியாயத்தை நாம் எங்கேயோ கேட்டிருக்கிறோம் இல்லையா? நம் முன்னோரை இந்த நாட்டுக்குக் கப்பலேற்றிக் கொண்டுவந்தவர்கள் இதே நியாயத்தைத்தான் வைத்திருந்தார்கள். கணக்குப் புத்தகத்தில் அவர்களுக்குப் பெயர் 'கூலி'. காட்டை வெட்டவும் பால்மரம் சீவவும் செம்பனைக் குலை இறக்கவும் வேண்டியிருந்தவரை லயத்தில் இடம் இருந்தது. தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டமாகவும் கோல்ஃப் திடலாகவும் மாறிய நாளில், தலைமுறை தலைமுறையாக உழைத்த குடும்பங்கள் சாமான் மூட்டையோடு வெளியே நின்றன. காஜாங் சுற்றுவட்டாரத்தில் எத்தனை தாமான்கள் பழைய தோட்டத்தின் மேல் நிற்கின்றன என்று பெரியவர்களிடம் கேளுங்கள். உழைப்புக்கு ஏற்றது கிடைத்ததா என்று இன்றைக்கும் நாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். கேட்பது நியாயம்.

அப்படிக் கேட்கிற நாம், இன்னோர் உயிரிடம் அதே கங்காணிக் கணக்கைப் போடலாமா? மனிதனும் வண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. பாட்டியின் வலியும் வண்டின் அழிவும் ஒரே தட்டில் வைக்கும் விஷயம் இல்லை. ஆனால் பார்வை ஒன்றுதான்: 'உன்னால் எனக்கு என்ன ஆகும்?' என்று மட்டுமே கேட்கும் பார்வை. அந்தப் பார்வையால் அடிபட்டவர்களுக்கு அது எவ்வளவு தப்பு என்று மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

மாடு இல்லாத மாட்டுப் பொங்கல்

பயனைத் தாண்டிய நன்றி என்பது வெறும் பேச்சா? இல்லை. நம்மிடம் அதற்கு ஏற்கெனவே பழக்கம் இருக்கிறது. மாட்டுப் பொங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். நம் தாமானில் யாரிடம் மாடு இருக்கிறது? ஏர் உழும் மாட்டை நம் தலைமுறை படத்தில்தான் பார்த்திருக்கிறது. டிராக்டர் வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் ஆண்டுதோறும் கோசாலைக்குப் போய், மாட்டுக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, பொங்கல் ஊட்டுகிறோம். அந்த மாடு நமக்கு எந்த வேலையும் செய்யவில்லை. வேலை நின்ற பிறகும் நன்றி நிற்கவில்லை. நமக்கு முன்னால் வாழ்ந்தவர்கள், பயன் முடிந்தாலும் உறவு முடியாது என்று ஒரு பண்டிகையாகவே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

தமிழில் 'கடன்' என்ற சொல்லைப் பாருங்கள். வாங்கிய பணமும் கடன்தான், செய்ய வேண்டிய கடமையும் கடன்தான். இரண்டுக்கும் ஒரே சொல். பெற்றதனால்தான் செய்ய வேண்டியிருக்கிறது என்ற எண்ணம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. சமய வகுப்பில் ஐந்து வேள்விகளைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அவற்றில் ஒன்று பூத யக்ஞம், மற்ற உயிர்களுக்குச் செய்ய வேண்டியது. பால் தரும் பசுவுக்கு மட்டும் என்று அதில் எல்லை கட்டவில்லை. கீதையின் மூன்றாம் அத்தியாயம் உணவையும் மழையையும் வேள்வியையும் ஒரே சுழற்சியாகப் பேசுகிறது. வாங்கியதைத் திருப்பித் தராமல் உண்பதைத் திருட்டோடு சேர்த்து வைக்கிறது. திருக்குறளில் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமே மழையைப் பற்றியதுதான். மழை தப்பினால் பூசையும் நடக்காது, தர்மமும் நிற்காது என்பது அங்கே உள்ள கருத்து. இப்போது மழை தப்புவதற்கு நாமே ஒரு காரணமாகிவிட்டோம் என்பதுதான் அந்தக் காலத்தில் இல்லாத புதுச் செய்தி.

சில எதிர்க்கேள்விகள்

"வௌவால்னா நோய்தானே?" 1998, 99-இல் நெகிரி செம்பிலானிலும் பேராக்கிலும் நிப்பா கிருமியால் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்ததை மறக்க முடியாது. அந்தக் கிருமி பழந்தின்னி வௌவாலிடமிருந்து வந்தது உண்மை. ஆனால் அது பன்றிப் பண்ணைகள் வழியாகத்தான் மனிதருக்குப் பெருமளவில் பரவியது. வௌவாலின் காட்டை அழித்து, அதன் வாழிடத்தை நம் பண்ணைக்குள் இழுத்தால் ஆபத்து கூடும். அதைத் தொடாமல், அதன் இடத்தில் விட்டுவைப்பதுதான் இரண்டு பேருக்கும் நல்லது. அதைக் கொல்வது தீர்வாகாது.

"மனுசனுக்கே வழியில்ல, வண்டுக்கு எதுக்கு கவலை?" இது நேர்மையான கேள்வி. நம் சமூகத்தில் வாடகைக்கும் படிப்புச் செலவுக்கும் திண்டாடும் குடும்பங்கள் இருக்கின்றன. ஆனால் காய்கறியும் பழமும் விலை ஏறினால் முதலில் அடிபடுவது அவர்கள்தான். பணக்காரன் இறக்குமதிப் பழம் வாங்குவான். ஏழை வீட்டுச் சட்டியில்தான் காய் குறையும். இந்தக் கவலை அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

"மலேசியா சின்ன நாடு, நாம குறைச்சா என்ன ஆகப்போகுது?" மொத்தக் கணக்கில் நாம் சின்னவர்கள்தான். தலைக்குக் கணக்குப் பார்த்தால் அப்படி இல்லை. ஒரு சராசரி மலேசியர் ஓராண்டில் வெளியிடும் கரியமில வாயு, ஒரு சராசரி இந்தியர் வெளியிடுவதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். குளிரூட்டி, கார், பெட்ரோல் என்று நாம் வாழும் வாழ்க்கை அப்படி. கடனில் என் பங்கு சின்னது என்பதற்காக யாரும் தவணை கட்டாமல் இருப்பதில்லையே.

நம்மால் ஆவது

பெரிய முடிவுகளை அரசாங்கமும் பெரிய நிறுவனங்களும்தான் எடுக்க வேண்டும். சதுப்புக்காட்டையும் சுண்ணாம்புக் குன்றுகளையும் காப்பது, மின்சாரத்தை நிலக்கரியிலிருந்து மாற்றுவது எல்லாம் அவர்கள் கையில். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் இதை நாம் கேட்க வேண்டும். அதோடு, ஓர் இளைஞர் கிளை இந்த மாதமே தொடங்கக்கூடியவையும் இருக்கின்றன.

கோயில் வளாகத்தில் சிமெண்டு போடாமல் ஒரு மூலையை விட்டுவைக்கச் சொல்லி நிர்வாகத்திடம் பேசுங்கள். துளசி, செம்பருத்தி, சரக்கொன்றை வையுங்கள். துளசி பூத்தால் உடனே கிள்ளிவிடாமல் கொஞ்சம் விடுங்கள், எத்தனை தேனீ வருகிறது என்று பார்ப்பீர்கள். அங்கே களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் அடிக்க வேண்டாம். காய்ந்த மாலைகளையும் இலைகளையும் எரிக்காமல் உரமாக்குங்கள்.

தாமானில் டிங்கிக்குப் புகை அடிக்கும்போது கொசுவோடு சேர்ந்து தேனீயும் சாகிறது. புகையே வேண்டாம் என்று சொல்ல முடியாது, டிங்கியால் மனிதர் சாகிறார்கள். ஆனால் வாரம் ஒருமுறை தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டால் புகை அடிக்க வேண்டிய தேவை குறையும். ஒரு கல்லில் இரண்டு மாங்காய். வீட்டு ஓரத்தில் தேனீ கூடு கட்டினால் எரிக்காமல், தேனீ வளர்ப்பவரைக் கூப்பிட்டு இடம் மாற்றச் சொல்லலாம். கெலுலுட் எனப்படும் கொட்டாத தேனீயை வளர்ப்பவர்கள் நாட்டில் நிறையவே இருக்கிறார்கள்.

தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும்போது ஆளுக்கொரு கார் எடுக்காமல் கொமுட்டர் ரயிலில் போவோம். காஜாங்கிலிருந்து எம்.ஆர்.டி. இருக்கிறது, பட்டணத்தில் மாறிக்கொள்ளலாம். அன்னதானத்தில் மிச்சமாகும் சோற்றை அளந்து பார்ப்போம். அடுத்த முறை அந்த அளவைக் குறைத்துச் சமைப்போம். குப்பையில் அழுகும் சோறும் வெப்பவாயுவைத்தான் கக்குகிறது.

அடுத்த வாரக் கூட்டத்தில் ஒரு கேள்வியை வைத்துப் பேசிப் பாருங்கள்: நாளைக்கே ரோபோ தேனீ மலிவாகக் கிடைத்து, உண்மையான தேனீ நமக்குத் தேவையே இல்லை என்றாகிவிட்டால், அதைக் காப்பாற்ற நாம் காசு செலவழிப்போமா? ஒவ்வொருவரும் பதிலோடு காரணமும் சொல்ல வேண்டும். என் பதில், செலவழிப்போம் என்பதுதான். இதுவரை உழைத்த உழைப்புக்கு நாம் இன்னும் ஒரு சென்கூடத் திருப்பித் தரவில்லை. பழைய பாக்கி அப்படியே நிற்கிறது. வேறு ஆள் வந்துவிட்டார் என்று சொல்லிப் பழைய பாக்கியைத் தள்ளிவிட முடியாது.